கண்மாயில் தொடங்கி அரிச்சல்முனை வரை: ஆலா, கடற்காகம், உள்ளான்

தை 1, பொங்கல். சாமநத்தம் கண்மாய்

அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு நடக்கிற நாளில் அந்தப் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போவது வம்பு. தெருவுக்குத் தெரு தடுப்பு வைத்துவிடுவார்கள். அதனால் ரிங் ரோட்டைச் சுற்றி சாமநத்தம் போய்ச் சேர்ந்தோம். கூட வந்தது அக்கா மகள், ஒன்பதாவது படிக்கிறாள். ஊரே மாடு பார்க்கப் போகும்போது மாமா கொக்கு பார்க்கக் கூட்டிப்போகிறாரே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிவிட்டதும் அது போய்விட்டது.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரமாவது ஓரிடத்தில் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்த வருஷம் அந்த நாட்களை, தண்ணீருக்கு மேலே பறந்து இரை தேடும் ஆலாவுக்கும் கடற்காகத்துக்கும், கரையோரம் ஓடித் திரியும் உள்ளான், உப்புக்கொத்திகளுக்கும் ஒதுக்குவது என்று முடிவு. பறவை பார்ப்பவர்களிலேயே நிறையப் பேர் இந்தக் கூட்டத்தைக் கண்டால் 'எல்லாம் வெள்ளையாத்தானே இருக்கு' என்று நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். முக்கால்வாசிப் பறவைக்கு மேலே சாம்பல், கீழே வெள்ளை. போதாக்குறைக்கு வயதுக்கு ஒரு சட்டை, பருவத்துக்கு ஒரு சட்டை. எனவே நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அலகு, வால், சிறகின் நுனி, இரை பிடிக்கிற விதம் இவற்றைப் பார்க்கப் பழக வேண்டும். பழகுவதற்குக் கடல் தேவையில்லை. மதுரைக் கண்மாயே போதும்.

கண்மாயில் தண்ணீர் நல்ல நிறைவு. நடுவில் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் அடைந்திருந்தன. கூழைக்கடாக்கள் ஓரமாக ஒதுங்கியிருந்தன. அவற்றையெல்லாம் எண்ணிக் குறித்துக்கொண்டு மடைப் பக்கம் போய்விட்டோம். அங்கே கரை கொஞ்சம் வளைகிறது. அந்த வளைவில் அசையாமல் உட்கார்ந்தால் ஆலாக்கள் ஆளைச் சட்டை செய்யாமல் வெகு அருகில் பறக்கும்.

இன்று இருந்தவை பெரும்பாலும் மீசை ஆலாக்கள். வாடைக்காற்றை எதிர்த்து, தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்தில், அலகைக் கீழே நீட்டித் தேடிக்கொண்டே வரும். ஏதாவது தென்பட்டால் சட்டென்று சரிந்து, அலகு நுனியால் மட்டும் தண்ணீரைத் தொட்டு எடுத்துக்கொண்டு எழும்பிவிடும். உடம்பு நனையாது. கரையின் கோடி வரை போனதும் திரும்பி, காற்றோடு வேகமாகப் பின்னால் வந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரே பறவை திரும்பத் திரும்ப நம் முன்னால் வருவதால், முதல் சுற்றில் அலகு, அடுத்த சுற்றில் தலை, அதற்கடுத்து வால் என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். பறக்கும் பறவையைப் படிக்க இதைவிட வசதியான இடம் வேறில்லை.

"மாமா, இதான் கடல் காக்காவா?"

"இல்லத்தா. இது ஆலா. கடல் காக்கா தண்ணியில உக்காந்து மெதக்கும். ஆலா பெரும்பாலும் உக்காராது, பாரு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒன்றுகூடத் தண்ணீரில் உட்காரவில்லை. ஓய்வெடுக்க வேண்டுமென்றால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி, மதகுக் கல், மிதக்கும் கட்டை எதையாவது தேடிப் போகின்றன.

தை மாதத்து மீசை ஆலாவுக்கு நெற்றி வெள்ளை. கண்ணுக்குப் பின்னாலிருந்து பிடரி வரை கறுப்பு, உச்சியில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாகக் கீற்றுகள். அலகு கறுப்பு. வால் லேசாகத்தான் பிளந்திருக்கும். விரித்துத் திருப்பும்போது பிளவே தெரியாது. பெயரில் இருக்கிற மீசை, அதாவது கறுப்புத் தொப்பிக்கும் கருஞ்சாம்பல் கழுத்துக்கும் நடுவே ஓடும் வெள்ளைக் கன்னக்கோடு, இனப்பெருக்கச் சட்டை போடும்போதுதான் துலங்கும். அப்போது அலகும் கருஞ்சிவப்பாகிவிடும், வயிறு கறுத்துவிடும். காஷ்மீரிலும் கங்கைச் சமவெளியிலும் மிதக்கும் செடிகளின் மேல் கூடு கட்டும்போது பார்ப்பவர்களுக்கு அந்தக் கோலம். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த வெளுத்த கோலம். புத்தகத்தில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

கலுங்குக் கல்லில் ஜோடியாக உட்கார்ந்திருந்தது ஆற்று ஆலா. இதற்குக் குழப்பமே இல்லை. மஞ்சள் அலகு, சிவந்த கால், கல்லுக்கு அப்பால் தொங்கும் நீண்ட வால் இறகுகள். மீசை ஆலாவைவிட உருவமும் பெரிது. பறந்ததும் வேலை செய்கிற விதம் வேறு என்று புரிந்தது. உயரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, குறி பார்த்து, தலைகீழாக விழுந்து, முழு உடம்பும் நனைய எழுந்தது. வாயில் வெள்ளிக் கெண்டை. இந்தப் பறவையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆற்று மணலிலும் அணைக்குள் இருக்கும் திட்டுகளிலும் வெறுந்தரையில் முட்டையிடும். மணலை அள்ளினால் போயிற்று, நாய் வந்தால் போயிற்று, திடீரென்று தண்ணீர் திறந்தாலும் போயிற்று. நம் ஆறுகளில் எவ்வளவு மணல் மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்த கதை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைச் சந்தேகமாகவே பார்த்தார்.

"என்ன தம்பி, கம்மாயை ஏலம் எடுக்கப் போறீகளா?"

"இல்லங்கய்யா, குருவி பாக்க வந்தோம்."

"இந்த வெள்ளக் குருவியா? மழைக்குப் பெறகு வரும். தண்ணி வத்துனா போயிரும். அதுல என்ன இருக்கு?"

பதில் சொல்வதற்குள் ஆடு ஒன்று வயலுக்குள் இறங்கிவிட்டது, ஓடிவிட்டார்.

கிளம்பும்போது பருத்த அலகு ஆலா ஒன்று தனியாக வந்தது. கிட்டத்தட்ட வெள்ளையான முதுகு, கண்ணருகே மை பூசிய கறுப்புத் திட்டு, கட்டையான கறுப்பு அலகு. இது தண்ணீரில் விழுவதே அபூர்வம். சேற்றின் மேலும் வயலின் மேலும் தாழப் பறந்து தவளை, பூச்சி, நண்டு எதையும் பொறுக்கும். கடற்கரையில் இதை மறுபடியும் பார்ப்போம் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். நோட்டில் மூன்று அலகுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்திருந்தாள். உடம்பே வரையவில்லை. நல்ல பழக்கம்.

தை 2, மாட்டுப் பொங்கல். வைகைக்குள்

வைகைக்குள் இறங்குவதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும். மதுரைக்குள் இந்த ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி ஊர்ச் சாக்கடை. ஆனால் உள்ளான்களுக்கு நாற்றம் ஒரு பொருட்டில்லை. சேறு இருந்தால் புழு இருக்கும், புழு இருந்தால் அவை இருக்கும். 1889-இல் திறந்த ஏ.வி. பாலத்துக்குக் கீழே, ஆகாயத்தாமரை இல்லாத மணல்திட்டுகள் காலை வெயிலில் நன்றாகத் தெரிந்தன. மாடு குளிப்பாட்ட வந்தவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

இங்கே படிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உப்புக்கொத்திக்கும் உள்ளானுக்கும் உள்ள நடை வித்தியாசம். இதைப் பிடித்துவிட்டால் நாளை மறுநாள் கடற்கரையில் பாதி வேலை முடிந்தது.

உப்புக்கொத்திக்குக் கட்டை அலகு, உருண்டைத் தலை, பெரிய கண். கண்ணால் தேடும் பறவை அது. கிடுகிடுவென்று ஓடும், டக்கென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். உள்ளானுக்கு அலகு நீளம். அலகு நுனியால் தடவித் தேடுகிற பறவை. அதனால் நிற்காமல் நடந்துகொண்டே சேற்றைக் குத்திக்கொண்டு போகும். நூறு கெஜத்துக்கு அப்பால், நிறம் தெரியாத வெளிச்சத்தில்கூட ஓடி நிற்பது எது, குத்திக்கொண்டே நடப்பது எது என்று சொல்லிவிடலாம்.

பட்டாணி உப்புக்கொத்தி நிறையவே இருந்தது. கழுத்தில் கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். இந்த வளையத்தைப் பார்ப்பதற்குத்தான் பைனாகுலர். ஒன்று சேற்றில் ஒற்றைக் காலை முன்னால் நீட்டி அந்தப் பாதத்தை மட்டும் படபடவென்று நடுக்கிக்கொண்டே நின்றது. அடியில் இருக்கும் புழு அசைந்தால் கண்ணில் படும் அல்லவா? அதற்கு இந்த வித்தை. அக்கா மகள் அப்படியே நடித்துக் காட்டினாள். மாட்டைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் "பாப்பாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

சாதாரண உள்ளானைப் பின்பக்கத்தை வைத்தே சொல்லலாம். நின்றாலும் நடந்தாலும் வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். மார்பின் வெள்ளை, சிறகுக்கு முன்னால் தோள் வரை வளைந்து ஏறியிருக்கும். பவளக்காலியைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அந்த ரோஜா நிறக் குச்சிக் காலைப் பார்த்துவிட்டு யாரும் பெயர் கேட்பதில்லை.

சாயங்காலம் வண்டியூர் கண்மாய். நடைபாதையில் நடக்கிற கூட்டம், நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி. ஆலா தூரத்தில் பறந்தது. வேறொன்றும் இல்லை.

தை 3, காணும் பொங்கல். ராமநாதபுரம், ஆற்றங்கரை

மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ்ஸில் இடம் கிடைத்ததே பெரிது. காணும் பொங்கலுக்குக் கடல் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் இருந்தார்கள். திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று ரோடு வைகையை ஒட்டியே போகிறது. 258 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு நேராகக் கடலில் விழுவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்ந்து, அது நிறைந்து மீறினால்தான் பாக் நீரிணைக்குப் போகும். மிச்சம் மீதி சேருகிற முகத்துவாரம் அழகன்குளம் பக்கம் ஆற்றங்கரை. நேற்று பார்த்த அதே ஆற்றின் கடைசியைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்குக் கடற்காகம் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன.

மதியம் சித்தப்பா வீட்டில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனபோது படகுகள் கரையில் கிடந்தன. மீன் அலசிய தண்ணீரும் வலையில் மிஞ்சிய பொடிமீனும் இருக்கிற இடத்தில் கடற்காகம் இல்லாமல் இருக்காது. தண்ணீரில் மிதந்துகொண்டு, படகு விளிம்பில் நின்றுகொண்டு, ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு ஒரே சத்தம்.

ஆலாவைப் பார்த்துவிட்டு வந்தால் கடற்காகத்தின் உருவம் உடனே பிடிபடும். உடம்பு கனம். சிறகு அகலம். வால் பிளவில்லாமல் நேராக வெட்டிவிட்டது. காலில் நன்றாக நடக்கும். பறக்கும்போது அலகு நேராக முன்னால் பார்க்கும். ஆலாவுக்கு இரை தேடும்போது அலகு தரையைப் பார்க்கும். கடற்காகத்தின் அலகு நுனி கொஞ்சம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

நம் கடற்கரையில் பெருவாரியாக இருப்பது பழுப்புத்தலைக் கடற்காகம். ஆனால் இப்போது அதற்குப் பழுப்புத் தலை கிடையாது! குளிர்காலத்தில் தலை வெள்ளை, காதுப் பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும். அதனோடு குழப்புவது கருந்தலைக் கடற்காகம். அதற்கும் இப்போது கருந்தலை கிடையாது, அதே வெள்ளை, அதே காதுப் பொட்டு, அதே சிவப்பு அலகு, அலகு நுனியில் அதே கறுப்பு. பெயர் வைத்தவர்கள் கோடையில் வைத்துவிட்டார்கள், நாம் பனிக்காலத்தில் அவஸ்தைப்படுகிறோம்.

பிரித்துப் பார்க்க இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று கண். வளர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிறியிருக்கும், முறைக்கிற பார்வை. கருந்தலைக்கு விழி கறுப்பு, சாதுவான முகம். இன்னொன்று சிறகின் நுனி. பழுப்புத்தலைக்குச் சிறகு நுனி அகலமாகக் கறுத்து, அந்தக் கறுப்புக்குள் தெளிவான வெள்ளைப் பொட்டுகள் தெரியும். கருந்தலைக்குச் சிறகின் முன்விளிம்பு நுனிவரை நீளமாக வெள்ளை. கறுப்பு, நுனி ஓரத்தில் மெல்லிய கரையாக மட்டும் ஓடும். உட்கார்ந்திருந்தால் கண்ணைப் பார், பறந்தால் சிறகைப் பார் என்று அவளிடம் சொன்னேன்.

ஆனால் இளம்பறவையிடம் இந்தக் கண் கணக்கு செல்லாது. பழுப்புத்தலையின் குஞ்சுக்கும் விழி கறுப்புத்தான். அதன் சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டும் இருக்காது, முழுக்கக் கறுப்பு. சிறகின் மேல்பக்கம் பழுப்புக் கறை, வால் நுனியில் கறுப்புப் பட்டை. அதனால் முதலில் வாலைப் பார்த்து வயதைத் தீர்மானித்துக்கொண்டு, அப்புறம் மற்றதைப் பார்ப்பது நல்லது. வயதை விட்டுவிட்டு இனத்தைத் தேடுவதுதான் இந்தக் கூட்டத்தில் எல்லாரும் சறுக்குகிற இடம் என்பது என் எண்ணம்.

படகு விளிம்பில் நின்ற ஒன்று மிகவும் பக்கம். பைனாகுலர் தேவைப்படவில்லை. வெளிறிய விழியைச் சுற்றிச் சிவந்த இமை. அலகு நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கியது. உதறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒரு சொட்டு.

"சளி புடிச்சிருக்கா மாமா?"

சளி இல்லை, உப்பு. கண்ணுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் ரத்தத்தில் சேரும் உப்பைப் பிரித்து மூக்கு வழியாக வெளியே விடுகின்றன. அதனால்தான் கடல் தண்ணீரைக் குடித்தே உயிர் வாழ முடிகிறது. இதே பறவை வெயில் காலத்தில் லடாக்கிலும் திபெத்திலும் ஏரிக்கரைகளில் கூடு கட்டுகிறது. லடாக்கின் சோ மொரிரி ஏரி சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆற்றங்கரை கடல் மட்டத்தில் இருக்கிறது. அவள் நோட்டில் இரண்டையும் எழுதி நடுவில் ஒரு அம்புக்குறி போட்டாள்.

தை 4. அரிச்சல்முனை

விடியற்காலையில் சித்தப்பா மகன் வண்டியில் கிளம்பினோம். தனுஷ்கோடி பக்கம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். ஆகவே முதுகைத் தெற்குக்குக் காட்டி வடக்கே பார்க்கிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். அப்படி நின்றால் பறவையின் மேல் வெளிச்சம் விழும். எதிர்ப்பக்கம் பார்த்தால் எல்லாமே கறுப்பு நிழல்தான். பெரிய கேமரா வைத்திருந்தும் பிரயோசனமில்லை.

கோதண்டராமர் கோயில் ரோட்டில் பூநாரைகள் இருந்தன. 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பெரிய பூநாரைக்கான சரணாலயமாக அரசு அறிவித்தது, நல்ல காரியம். வண்டிகள் எல்லாம் அவற்றுக்காகத்தான் நின்றன. அந்தக் கூட்டத்தில் யாரும் பூநாரையின் காலடியில் ஓடிக்கொண்டிருந்த சின்னப் பறவைகளைக் கவனிக்கவில்லை. மதுரையில் படித்தது அங்கே கைகொடுத்தது. ஓடி நின்றவை உப்புக்கொத்திகள். அவற்றில் கழுத்துப் பட்டை முன்னால் சேராமல் பக்கத்துக்கு ஒரு திட்டாக நின்றிருந்தால், கண் வளையம் இல்லாமல் காலும் கறுப்பாக இருந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி. வைகையில் பார்த்த பட்டாணிக்கு அண்ணன் தம்பி முறை, ஆனால் உப்பு மண்ணை விரும்புகிறது. குத்திக்கொண்டே நடந்தவை கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான்.

1964 டிசம்பர் புயலில் போன ஊரைத் தாண்டி முனைக்குப் போகும் ரோடு இரண்டு பக்கமும் கடல் தெரிய நீண்டு கிடக்கிறது. வாடைக்காலம் என்பதால் வடக்கே பாக் நீரிணைப் பக்கம்தான் அலை. தெற்கே மன்னார் வளைகுடா அடங்கிக் கிடந்தது. சோளகக் காற்று தொடங்கினால் இது அப்படியே மாறும்.

முனைக்கு முன்னாலேயே ஒரு மணல்திட்டில் ஆலாக்கூட்டம். இதற்குத்தான் வந்தோம். ஆலாக்கள் தரையில் நிற்கும்போது எல்லாம் காற்றைப் பார்த்தே நிற்கும். இறகு கலையாமல் இருக்க வேண்டுமே. இதனால் நமக்கு ஒரு பெரிய உதவி: அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பி, அத்தனை அலகும் ஒரே வரிசையில் தெரியும். பெரியது, சின்னது, மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு என்று அலகை மட்டும் வாசித்துக்கொண்டே போகலாம். அவள் தன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தாள்.

கூட்டத்துக்கு மேலே ஒரு தலை உயர்ந்து நின்றது காஸ்பியன் ஆலா. ஆலாக்களிலேயே இதுதான் பெரிது. முகத்தில் ஒரு கேரட்டைச் செருகி வைத்த மாதிரி சிவந்த, தடித்த அலகு. தூரத்தில் பறந்தாலும் அலகுதான் முதலில் வரும், பறவை பின்னால் வரும்.

கூட்டத்தில் அதிகம் இருந்தவை கொண்டை ஆலாக்கள். பெரிய கொண்டை ஆலாவுக்கு அலகு எலுமிச்சை மஞ்சள், சில சமயம் லேசாகப் பச்சை ஓடும். முதுகு நல்ல சாம்பல். சிறிய கொண்டை ஆலாவுக்கு அலகு ஆரஞ்சு, முதுகு வெளிறல், உருவம் கொஞ்சம் குறைவு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் சிக்கல் இல்லை. தனியாக ஒன்று நின்று, காலை வெயில் மஞ்சளாக அடித்தால்தான் எலுமிச்சையும் ஆரஞ்சாகிவிடும். அந்த நேரத்தில் அலகின் கனத்தைப் பார்க்க வேண்டும். பெரியதன் அலகு நீண்டு நுனி லேசாகத் தாழ்ந்திருக்கும், சிறியதன் அலகு மெலிந்து நேராக இருக்கும். இரண்டுக்கும் இப்போது நெற்றி வெள்ளை. கோடையில் சிறியதன் கறுப்புத் தொப்பி அலகு வரை இறங்கும். பெரியதற்கு அப்போதும் அலகுக்கும் தொப்பிக்கும் நடுவே வெள்ளைக் கோடு விட்டிருக்கும். இவற்றுக்கு நடுவில் கறுப்பு அலகும் நுனியில் மட்டும் மஞ்சளுமாக ஒன்று நின்றது. சாண்ட்விச் ஆலா. பெயரைக் கேட்டதும் அவளுக்குப் பசி வந்துவிட்டது, கட்டிக்கொண்டு வந்த இட்லியைப் பிரித்தோம்.

கரைவலை இழுக்க ஆள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அதில் வயதான ஒருவர் வலைக்கயிற்றின் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலாவுக்கும் கடற்காகத்துக்கும் நீங்கள் என்ன வித்தியாசம் பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.

"முழுகுறது ஒண்ணு, மெதக்குறது ஒண்ணு. முழுகுறது விழுந்தா அடியில சாளை நிக்கும், இல்ல நெத்திலி நிக்கும். மெதக்குறது நம்ம கையைப் பாத்து வர்றது தம்பி. அதை நம்பி வலை போட முடியாது."

நான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டார். சின்ன ஆலா ஒன்று அப்போதுதான் அலைக்கு மேலே வந்தது. சிட்டுக்குருவிக்குக் கொஞ்சம் பெரிய உடம்புதான், ஆனால் சிறகடிப்பு அத்தனை வேகம். ஒரே இடத்தில் நின்று நின்று, விழுந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது விழுவதெல்லாம் பொடிக்கு, கணக்கில் சேராது என்றார்.

மன்னார் வளைகுடாப் பக்கம் பெரிய கடற்காகங்கள் தூரத்தில் நின்றன. ஒன்று பல்லாஸ்: கண்ணைச் சுற்றிக் கறுப்பு, மஞ்சள் அலகில் குறுக்கே கறுப்புப் பட்டை, சாய்ந்த நெற்றி. இன்னொன்று கருஞ்சாம்பல் முதுகும் மஞ்சள் காலுமாக ஹியூக்ளின். பக்கத்தில் நின்ற மூன்றாவது முழுக்கப் பழுப்புப் புள்ளி. பெரிய கடற்காகங்கள் முழு வளர்ச்சிச் சட்டைக்கு வர நான்கு வருஷம் ஆகும். அதற்குள் ஒவ்வொரு வருஷமும் ஒரு கோலம். காற்றில் கானல் நடுங்க, அத்தனை தூரத்தில் அதற்குப் பெயர் வைப்பது வீம்பு. ஈபேர்டில் இதற்கென்றே 'கடற்காகம், இனம் உறுதியில்லை' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் ஏற்றினோம். கண்ட பறவைக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியலை நீட்டுகிறவர்களைவிட இந்த வரியைப் பயன்படுத்துகிறவர்களின் கணக்கை நான் அதிகம் நம்புவேன்.

திரும்பும்போது பாம்பன். ரோட்டுப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது. முனையில் இறங்கி ஓரமாக நடந்து போனோம். சுற்றுலா வந்தவர்கள் மிக்சரையும் முறுக்கையும் கடற்காகத்துக்கு வீசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, எண்ணெய்ப் பலகாரம் அதன் சாப்பாடு இல்லை. ஆனால் பறவை பார்க்க இந்தப் பாலத்துக்கு ஈடு கிடையாது. கடற்காகங்கள் நமக்குக் கீழே பறக்கின்றன. எப்போதும் வயிற்றை அண்ணாந்து பார்த்துப் பழகிய நமக்கு இங்கே சிறகின் மேல்பக்கம் முழுசாக விரிந்து தெரிகிறது. கறுப்பு நுனி, உள்ளே வெள்ளைப் பொட்டு. கறுப்பு நுனி, வெள்ளைப் பொட்டு. பழுப்புக் கறையும் வால் பட்டையுமாக இளசு ஒன்று. மறுபடியும் கறுப்பு நுனி. எண்ணிக்கொண்டே வந்தவள் கையை நீட்டினாள்.

"அந்தா, அது வேற."

"எப்படிச் சொல்ற? கண்ணு கறுப்பா?"

"கண்ணு எங்க தெரியுது? ரெக்கையோட முன்பக்கம் முழுக்க வெள்ளை மாமா. எழுதுங்க, கருந்தலை ஒண்ணு."